4,999 ரூபாய் கேம், மலையில இருக்குறவங்களுக்கு உண்மையில என்ன விலை? டிஸ்க்கா, டவுன்லோடா?

கேத்தி:
சோனியோட கேம் கன்சோல் பிஎஸ்5 இந்தியாவுக்கு வந்தது 2021 பிப்ரவரியில. அப்ப இருந்தே சோனியோட சொந்த கேம்னா 4,999 ரூபாய். காட் ஆஃப் வார் ரக்னராக் பிஎஸ்4-க்கு 3,999-னு இருந்தது, பிஎஸ்5-க்கு ஆயிரம் கூட. 2025 ஜூன்ல நிண்டெண்டோ மரியோ கார்ட் வேர்ல்டுக்கு 80 டாலர் போட்டாங்க. மைக்ரோசாஃப்ட்டும் 80 டாலர்னு அறிவிச்சு, எதிர்ப்பு கிளம்பினதும் ஜூலையில 70-க்கே திரும்பிடுச்சு. திரும்ப ஏறாதுன்னு யாரும் உத்தரவாதம் குடுக்கல.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், கொடைக்கானல்னு மேல இருக்குறவங்களுக்கு இந்தச் செலவை எப்படிக் கட்டுப்படுத்துறதுன்னு ஒரே இடத்துல பேசணும்ங்க. முக்கியமான கேள்வி, பிஎஸ்5-வோட சின்ன மாடலான ஸ்லிம் வாங்குறவங்க டிஸ்க் டிரைவ் உள்ளதை எடுக்கணுமா? 2024-ல ஸ்லிம் இங்க வந்தப்ப டிஸ்க் மாடல் 54,990, டிரைவ் இல்லாத டிஜிட்டல் மாடல் 44,990. அந்தப் பத்தாயிரம் திரும்ப வருமா?

பர்லியார்:
மொதல்ல விலை ஏன் ஏறுதுன்னு பாத்துடலாம் தம்பி. அது புரியாம திட்டம் போட முடியாது.

மைக்ரோசாஃப்ட்டோட எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல் வந்த காலத்துல பெரிய கேம் 60 டாலர் ஆச்சு. 2020-ல என்பிஏ 2கே21-ங்கிற கூடைப்பந்து கேம்தான் புதுத் தலைமுறை கன்சோலுக்கு 70 டாலர்னு ஆரம்பிச்சு வச்சது. நடுவுல பதினஞ்சு வருஷம் விலை அசையவே இல்ல. 2006-ன் 60 டாலர், அமெரிக்கப் பணவீக்கத்தை வச்சுப் பாத்தா இன்னைக்கு ஏறத்தாழ 95 டாலர். அந்த இடைவெளியில தயாரிப்புச் செலவு பல மடங்கு ஆயிடுச்சு. 2023-ல மைக்ரோசாஃப்ட் மேல அமெரிக்க வணிக ஆணையம் போட்ட வழக்குல, சோனி தாக்கல் பண்ண காகிதத்துல சரியா மறைக்காத வரிகள்ல இருந்து ரெண்டு எண் வெளிய வந்துச்சு. லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2-க்கு 22 கோடி டாலர், ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்டுக்கு 21.2 கோடி டாலர். விளம்பரம் தனி. டிஜிட்டலா வித்தா கடைக்காரப் பங்கு 30 சதவீதம்.

நம்ம பக்கம் இன்னொரு காரணம் ரூபாய். 2006-ல டாலர் சுமார் 45 ரூபாய், 60 டாலர்னா 2,700. 2020-ல 74, அப்ப 70 டாலர்னா 5,180. இப்ப 88-னு வச்சுக்குங்க, 70 டாலர் 6,160 ஆகுது. டிஜிட்டலுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் அந்த 4,999-க்குள்ளயே அடக்கம். வரியைக் கழிச்சா 4,236 ரூபாய், அதாவது 48 டாலர்தான். அமெரிக்காக்காரர் 70 குடுக்குற இடத்துல நம்மகிட்ட 48 வாங்குறாங்க. 80 டாலர் விலையை அப்படியே மாத்தி வரியும் போட்டா 8,300 தாண்டும். ரூபாய் இறங்க இறங்க இந்த இடைவெளி பெருசாகும், ஒரு நாள் அதை மூடப் பாப்பாங்க. நான் கவலைப்படுறது அதுக்குத்தான்.

பேரிஜம்:
பர்லியார் அண்ணே, கணக்கு சரி. ஆனா பணவீக்கத்தை மட்டும் வச்சு நியாயப்படுத்துறதை நான் ஒத்துக்க மாட்டேன். 2006-ல 60 டாலர் குடுத்தவங்க கையில முழு கேமும், திரும்ப விக்கக்கூடிய டிஸ்க்கும் இருந்துச்சு. இன்னைக்கு 70 டாலர் அடிப்படை விலைதான். அதுக்கு மேல டீலக்ஸ், அல்டிமேட், சீசன் பாஸ், பேட்டில் பாஸ், உள்ளுக்குள்ள கடை. மூணு நாள் முன்னாடி ஆட விடுறேன்னு தனியா காசு. அந்த வரவையெல்லாம் சேத்துக்காம 60-ஐயும் 70-ஐயும் நேரா ஒப்பிடக் கூடாது.

சந்தாவையும் பாருங்க. சோனியோட பிஎஸ் பிளஸ் எசென்ஷியல் வருஷச் சந்தா 2023 செப்டம்பர்ல அமெரிக்காவுல 60-ல இருந்து 80 டாலர். மைக்ரோசாஃப்ட்டோட கேம் பாஸ் அல்டிமேட் 2025 அக்டோபர்ல மாசம் 20-ல இருந்து 30 டாலர், ஒரே தாவல்ல 50 சதவீதம். டிஜிட்டலுக்குப் போனவங்களுக்குக் கடை ஒண்ணுதான், அவங்க போடுறதுதான் விலை. டிஸ்க் டிரைவ் இருக்குற வரைக்கும்தான் நமக்குப் பேரம் பேச ஒரு இடம் இருக்கு.

கேத்தி கேட்டதுக்கு நேரா பதில். டிஸ்க் மாடல் எடுங்க. ஒரு உதாரணம் போடுறேன். புதுசா 4,999-க்கு வாங்கி, ஒரு மாசத்துல முடிச்சு 3,300-க்குக் கைமாத்துனா ஆன செலவு 1,699. டிஜிட்டல்ல அதே கேமுக்கு 50 சதவீதத் தள்ளுபடி வர்ற வரைக்கும் காத்திருந்தாலும் 2,499, அதுவும் திரும்ப வராது. முழு விலைக்கு வாங்குறவரா இருந்தா, ஒரு டிஸ்குக்கு மூவாயிரம் சொச்சம் திரும்ப வந்தாலே மூணு நாலு கேம்ல பத்தாயிரம் வந்துடும். தள்ளுபடிக்கு மட்டுமே காத்திருந்து வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு ஆடுறவருக்கு அது வர வருஷக்கணக்காகும், அவர் டிஜிட்டலே வாங்கலாம்.

தேவர்சோலை:
டவுன்லோடு பக்கம் நான் சொல்றேன். இங்க பல பேர் மறக்குற செலவு அது.

பெரிய கேம்னா 100 ஜிபின்னு வைங்க. லைன்ல நிஜமா 40 எம்பிபிஎஸ் வந்தா அஞ்சரை மணி நேரம். 10 எம்பிபிஎஸ்னா 22 மணி நேரம். ஃபோன் ஹாட்ஸ்பாட்ல, தினம் 2 ஜிபி திட்டத்துல இழுத்தா 50 நாள், அதுவும் ஃபோனுக்குன்னு எதுவும் மிச்சம் வைக்காம. ஃபைபர் உள்ளவங்களுக்கு அளவு பிரச்சினை இல்ல, பல திட்டங்கள்ல மாசத்துக்கு 3,300 ஜிபி இருக்கு. பிரச்சினை கேபிள் அறுந்து போறது. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மரம் விழாத வாரம் குறைவு.

டிஸ்க் இருந்தா தப்பிக்க வழி இருக்கு. பிஎஸ்5 டிஸ்க்ல 100 ஜிபி வரைக்கும் கொள்ளும். நெட்டை அணைச்சிட்டு டிஸ்க்கைப் போடுங்க, டிஸ்க்ல இருக்குறது மட்டும் உள்ள ஏறும். நெட் இருந்தா பேட்ச்சும் (கேமைச் சரி பண்ற அப்டேட்) கூடவே இறங்க ஆரம்பிச்சிடும். ஒத்தையாள் கதை கேம்னா பெரும்பாலும் டிஸ்க்ல இருக்குற பதிப்பே ஆடக் கூடியது. பேட்ச்சை ராத்திரி விட்டு எடுத்துக்கலாம்.

எல்லா டிஸ்க்கும் அப்படின்னு நம்பாதீங்க. 2022 கால் ஆஃப் டூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2-வோட பிஎஸ்5 டிஸ்க்ல இருந்தது ஏறத்தாழ 70 எம்பிதான், மிச்சம் முழுக்க டவுன்லோடு. அட்டையோட முன்பக்கத்துல சின்ன எழுத்துல டவுன்லோடு தேவைன்னு போட்டிருந்தா காசு குடுக்குறதுக்கு முன்னாடி விசாரிங்க.

ஒரு தடவை இறக்குனதை அழிக்காதீங்க. பழைய பிஎஸ்5-ல 825 ஜிபின்னு எழுதியிருந்தாலும் கையில கிடைக்கிறது 667. இடம் பத்தலைன்னா 250 ஜிபிக்கு மேல உள்ள யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் மாட்டி, கேமை அங்க நகர்த்தி வைங்க. பிஎஸ்5 கேம் யுஎஸ்பியில இருந்து நேரா ஓடாது, ஆடணும்னா உள்ள திரும்பக் கொண்டு வரணும். சாதாரண ஹார்ட் டிஸ்க்ல 100 ஜிபி நகர இருபது நிமிஷம் போல ஆகும். 22 மணி நேரத்துக்கு இருபது நிமிஷம் எவ்வளவோ மேல். பிஎஸ்4 கேம் யுஎஸ்பியில இருந்தே ஓடும்.

கோடநாடு:
டிஸ்க் டிஸ்க்னு சொல்றீங்க, அது மலை ஏறி வரணுமே? பெரிய கேம் எல்லாம் அக்டோபர், நவம்பர்லதான் வெளிய வருது. வடகிழக்குப் பருவமழையும் அப்பத்தான். குன்னூர், கோத்தகிரி ரெண்டு ரோட்லயும் மண்ணு சரியிற மாசம். பார்சல் மேட்டுப்பாளையத்துலயே நின்னுடும். வெளியீட்டு நாளுக்குன்னு முன்பதிவு பண்ணிக் காத்திருக்குறது அந்த மாசத்துல வீண். ரெண்டு வாரம் தள்ளி வாங்குங்க, அதுக்குள்ள முடிச்சவங்க விக்க ஆரம்பிச்சிருப்பாங்க, பழைய டிஸ்க்கே கிடைக்கும்.

கோவையில இருந்து நேர்ல கொண்டு வந்து குடுக்குறேன்னு யாராவது சொன்னா, காருக்கு இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்க. கொடைக்கானலுக்கும் அதே விதி. அரசு பஸ்ல வர்றவங்களுக்கு வேண்டாம்.

பூம்பாறை:
புதுசா சேர்ந்தவன்ங்க. இன்ஸ்டாகிராம்ல பிரைமரி அக்கவுண்ட், செகண்டரி அக்கவுண்ட்னு புது கேமை நாலுல ஒரு பங்கு விலைக்குத் தர்றாங்களே? அது வாங்கலாமாண்ணே?

பேரிஜம்:
வேண்டாம் தம்பி. அது எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா ஏன் வேண்டாம்னு புரியும்.

பிஎஸ்5-ல ஒரு கணக்குக்கு ஒரே ஒரு கன்சோல்ல மட்டும் 'கன்சோல் பகிர்வும் ஆஃப்லைன் ஆட்டமும்' போட முடியும். அமைப்புகள்ல பயனர்களும் கணக்குகளும், அதுல மற்றவை, அங்க இருக்கு. அது போட்ட கன்சோல்ல வீட்டுல இருக்குற எல்லாரும் அவங்கவங்க பேர்ல அந்தக் கேமை ஆடலாம். அண்ணன் தம்பி ஒரே வீட்டுல இருந்தா அதுக்குத்தான் அந்த வசதி. விக்கிறவன் அந்த இடத்தை ஒருத்தனுக்குப் பிரைமரின்னு வித்துட்டு, அதே கணக்குல உள்ள நுழைஞ்சு ஆடுற உரிமையை இன்னொருத்தனுக்குச் செகண்டரின்னு விக்கிறான். செகண்டரிக்காரன் நெட் இல்லாம ஆட முடியாது. மூணாவது ஆள் உள்ள நுழைஞ்சு பகிர்வைத் தன் கன்சோலுக்கு மாத்திட்டா, உங்க கேம் மேல பூட்டுக் குறி விழும். எல்லாக் கன்சோலையும் தூரத்துல இருந்து ஒரேடியா விலக்குறது ஆறு மாசத்துக்கு ஒரு தடவைதான் முடியும், அதுவும் கணக்கோட மின்னஞ்சலை வச்சிருக்குறவன் கையில. கணக்கைக் கைமாத்துறது சோனி விதிக்கே புறம்பு. முடக்கிட்டா யார்கிட்டப் போய்க் கேப்பீங்க?

அதுக்குப் பதிலா பக்கத்துல இருக்குற ரெண்டு பேரைச் சேத்துக்குங்க. மூணு பேர் ஆளுக்கு 1,666 போட்டு ஒரு டிஸ்க் வாங்கி, முறை வச்சு ஆடி, கடைசியில வித்த காசை மூணாப் பிரிச்சா அந்த அக்கவுண்ட் விலையை விட அதிகம் வராது. டிஸ்க் யார் கையில இருக்கோ அவங்க ஆடலாம், எந்த விதியும் மீறல.

பர்லியார்:
பழைய டிஸ்க் வாங்குறப்ப என்ன பாக்கணும்னு யாரும் சொல்லல. இதுலதான் நெறைய பேர் பணத்தை விடுறாங்க.

பிஎஸ்4, பிஎஸ்5 டிஸ்க் ப்ளூ-ரே வகை. அதுல தகவல் இருக்குற அடுக்குக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவுல 0.1 மில்லிமீட்டர்தான். டிவிடில 0.6. அதனால டிவிடியை பாலிஷ் பண்ற மெஷின்ல ப்ளூ-ரேயைக் குடுத்தா டிஸ்க் செத்துப் போகும். கீறலைத் தேய்ச்சு எடுத்துக் குடுத்தேன்னு கடைக்காரர் பெருமையாச் சொன்னா அந்த டிஸ்க்கை வாங்காதீங்க. டார்ச் வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிங்க. நடுவுல இருந்து விளிம்புக்குப் போற மெல்லிய கோடு பெரும்பாலும் தொந்தரவு பண்ணாது. வட்டமா, தடத்தோட போற கீறல்தான் ஆபத்து. நடு ஓட்டையைச் சுத்தி முடி மாதிரி விரிசல் இருக்கான்னு பாருங்க, பெட்டியில இருந்து வளைச்சு எடுத்தா வர்றது அது. முடிஞ்சா கன்சோல்ல போட்டு முழுசா இன்ஸ்டால் ஆகுற வரைக்கும் பாத்துட்டுக் காசு குடுங்க. பாதியில நின்னா டிஸ்க்ல கோளாறு.

அடுத்தது பிராந்தியம். பிஎஸ்4, பிஎஸ்5 டிஸ்க் எந்த நாட்டுதும் எந்தக் கன்சோல்லயும் ஓடும். ஆனா டிஎல்சி, அதாவது கேமுக்குத் தனியா வாங்குற கூடுதல் பகுதி, டிஸ்க்கோட பிராந்தியத்துக்குக் கட்டுப்பட்டது. அமெரிக்கால இருந்து வந்த டிஸ்க்கை வாங்கிட்டு, இந்தியக் கணக்குல டிஎல்சி வாங்குனா ஒட்டாது. கணக்கோட நாட்டைப் பிறகு மாத்தவும் முடியாது. பெட்டிக்குள்ள சீட்டுல இருக்குற ரகசியக் குறியீடு ஒரே தடவைதான் செல்லும், பழைய டிஸ்க்ல அது இல்லைன்னே வச்சு விலை பேசுங்க.

கேத்தி:
பூஞ்சை பத்தியும் சொல்லுங்கண்ணா. ஆறு மாசம் அலமாரில இருந்தாலே டிஸ்க்ல வெள்ளைப் புள்ளி வருதுன்னு நெறைய பேர் கேக்குறாங்க.

பர்லியார்:
மழைக்காலத்துல துணி, தோல் செருப்பு எல்லாத்துலயும் வர்றதுதான். டிஸ்க் பெட்டிகளை இறுக மூடுற டப்பால வச்சு, உள்ள நீல நிறச் சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சுற மணிகள்) போடுங்க. நீலம் வெளிறி இளஞ்சிவப்பு ஆச்சுன்னா ஓவன்ல 120 டிகிரில ரெண்டு மணி நேரம் காய வச்சா திரும்ப நீலமாகும். வெளிச்சுவரை ஒட்டின அலமாரி வேண்டாம், ஈரம் அங்கதான் ஊறும். புள்ளி வந்துட்டா மைக்ரோஃபைபர் துணியால நடுவுல இருந்து விளிம்புக்கு நேர்கோட்டுல துடைங்க, வட்டமாத் தேய்க்காதீங்க. போகலைன்னா துணியில சுத்தமான தண்ணி லேசா. தின்னர், பெட்ரோல் கூடவே கூடாது.

பிஎஸ்5 கையேட்டுல வெப்பநிலை 5-ல இருந்து 35 டிகிரின்னு போட்டிருக்கு. டிசம்பர், ஜனவரி விடியக்காலை ஊட்டில அஞ்சுக்குக் கீழ சாதாரணமாப் போகும். ஹீட்டர் போட்ட உடனே, சில்லுனு இருக்குற கன்சோல்ல ஈரம் படியும், லென்ஸ்லயும் சேத்துத்தான். அப்ப டிஸ்க்கைப் படிக்கலைன்னு காட்டும், டிஸ்க் கெட்டதா நினைச்சு வித்துடுவாங்க. டிஸ்க்கை வெளிய எடுத்துட்டு, பிளக்கை உருவி, சில மணி நேரம் விடுங்க. காஞ்சதும் படிக்கும்.

தேவர்சோலை:
கரண்ட் போறதையும் இதோட சேருங்க. கன்சோல் ஆட்டத்துல 200 வாட் சொச்சம் இழுக்கும். 600 விஏ யுபிஎஸ் சில நிமிஷம் தாங்கும், அணைக்க அது போதும். டிவியை அதுல மாட்டாதீங்க. ரவுட்டருக்குத் தனியா சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் போட்டா, கன்சோலை அணைச்ச பிறகும் நெட் ஃபோனுக்கு ஓடும். இன்ஸ்டால் நடுவுல கரண்ட் போய் கேம் கெட்டுட்டா உடனே 100 ஜிபியையும் திரும்ப இறக்காதீங்க. கன்சோலை அணைச்சு, ரெண்டாவது பீப் வர்ற வரைக்கும் பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு சேஃப் மோடுக்குப் போங்க. கண்ட்ரோலரை ஒயர்ல மாட்டி, கேஷ் (தற்காலிகக் கோப்புகள்) அழிச்சு டேட்டாபேஸ் திரும்பக் கட்டுறதை ஓட்டிப் பாருங்க. கேம் அழியாது.

கோடநாடு:
டிஜிட்டல்ல வாங்கியே ஆகணும்னா ரெண்டு விஷயம். முன்பதிவு பண்ணா தானா இறங்குறதை அணைச்சிடுங்க. சோனி கடையில வாங்குன 14 நாளுக்குள்ள பணம் திரும்பக் கேக்கலாம், ஆனா டவுன்லோடு ஆரம்பிச்சிருந்தா அந்த உரிமை போச்சு. முன்பதிவு கேம் தானா இறங்கிட்டா அதுவும் டவுன்லோடாத்தான் கணக்கு. ரெண்டாவது, மே கடைசில டேஸ் ஆஃப் ப்ளே, நவம்பர்ல பிளாக் ஃப்ரைடே, டிசம்பர் கடைசில இன்னொண்ணுன்னு தள்ளுபடி வரும். விருப்பப் பட்டியல்ல போட்டு வைங்க, விலை இறங்குனா தகவல் வரும்.

பூம்பாறை:
நிண்டெண்டோவோட ஸ்விட்ச் 2 கன்சோல் எப்படிங்க? கார்ட் தானே, டவுன்லோடு தொல்லை இருக்காதில்ல?

பேரிஜம்:
இருக்கு தம்பி. நிறைய கேம் 'கேம்-கீ கார்ட்'னு வருது. கார்டுல கேம் இருக்காது, சாவி மட்டும்தான். முதல் தடவை நெட்ல முழுசா இறக்கணும், அப்புறமும் ஆடுறப்பெல்லாம் கார்ட் உள்ள இருக்கணும். அட்டையோட அடியில போட்டிருக்கும், பாத்து வாங்குங்க. திரும்ப விக்க முடியும்கிறது மட்டும்தான் அதுல நல்லது. சைபர்பங்க் 64 ஜிபி கார்டுல முழுசா வந்தது, அந்த மாதிரி கேமைத் தேடி வாங்கலாம். உள்ள இருக்குற இடம் 256 ஜிபி, கூட்டணும்னா மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ்தான், பழைய ஸ்விட்சுக்குப் போட்ட சாதா மைக்ரோஎஸ்டி கார்டுல இருந்து ஸ்விட்ச் 2 கேம் ஓடாது. நிண்டெண்டோவுக்கு இந்தியால அதிகாரபூர்வ விற்பனையே இல்ல, அவங்க ஆன்லைன் கடையான ஈஷாப்பும் இல்ல. கன்சோல் கெட்டா மலை இறங்கினாலும் சரி பண்ண கம்பெனி சர்வீஸ் சென்டர் கிடையாது. விலையோட அதையும் சேத்துக் கணக்குப் போடுங்க.

கேத்தி:
எல்லாருக்கும் நன்றிங்க. கடைசியா ஒண்ணு. ஸ்லிம்ல டிரைவ் கழட்டி மாட்டுற மாதிரி இருக்கே, இப்ப டிஜிட்டல் எடுத்துட்டுப் பின்னாடி டிரைவ் சேத்துக்கலாமா?

பர்லியார்:
சேக்கலாம், டிரைவ் தனியா நியாயமான விலையில கிடைச்சா. அதை மொதல்ல விசாரிச்சுட்டு கன்சோலை வாங்குங்க. மாட்டுனதும் கன்சோலோட இணைக்க ஒரு தடவை நெட் வேணும், ஃபோன் ஹாட்ஸ்பாட் போதும், பெரிய டவுன்லோடு இல்ல. பழைய ஸ்லிம்ல இருந்து கழட்டின டிரைவ் யாராவது வித்தா, உங்க கன்சோல்ல மாட்டி இணைஞ்சு ஒரு டிஸ்க்கைப் படிக்கிறதைப் பாத்த பிறகு காசு குடுங்க.